தூங்காக் கண் கேட்ட கேள்வி

உஸ்தாத் ராகிப் தன் ஆயுளில் காசு கொடுத்து வாங்கிய ஒரே மென்பொருள் அதுதான். தன்தா நகரமே கடைக்காரனிடம் சொல்லி எல்லாவற்றையும் ஓசியில் ஏற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. ரயிலில் டிக்கெட் இல்லாதவனைக் காலமெல்லாம் விரட்டிப் பிடித்த பரிசோதகருக்கு மட்டும் ஓசி என்றால் ஆகாது. முறையாகப் பணம் கட்டி, ரசீது வாங்கி, மகள் நஜ்லாவின் லேப்டாப்பில் 'தூங்காக் கண்'ணைக் குடியேற்றினார். எந்த வைரஸும் அண்டாமல் அது காவல் காக்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது.

அது தூங்கவில்லை, உண்மைதான். வீட்டில் வேறு யாரையும் நிம்மதியாக உட்காரவும் விடவில்லை. நஜ்லா பாடம் எழுத ஆரம்பித்தால் திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று எழும்பி, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று அலறும். என்ன ஆபத்து என்று அழுத்திப் பார்த்தால், இதைவிட உயர்ந்த காவலை இன்னும் கொஞ்சம் பணத்துக்கு வாங்கச் சொல்லி விளம்பரம் வரும். ராகிப்பின் மனைவி இன்சாஃப் சமையல் குறிப்பு தேடினால், அந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று வழிமறிக்கும். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது தானாகவே அணைந்து, தானாகவே திறந்து, 'உங்களுக்காக என்னைப் புதுப்பித்துக்கொண்டேன்' என்று பெருமை வேறு அடித்துக்கொள்ளும். இத்தனை அமர்க்களத்துக்கும் அது ஒரு வைரஸைக்கூடப் பிடித்துக் காட்டியதில்லை.

ஜூன் மாதத்தின் கடைசியில், ஒரு புழுக்கமான மாலையில், அது முதல் முறையாக ஒன்றைப் பிடித்தது. நஜ்லாவின் பட்டப்படிப்புத் திட்டத்தைப் பிடித்தது.

கல்லூரியின் கடைசி வருடம் முழுவதும் உட்கார்ந்து அவள் எழுதிய நிரல் அது. பருத்தி இலையைப் படமெடுத்துக் கொடுத்தால், எந்தப் பூச்சி அதை அரித்தது என்று சொல்லிவிடும். அந்தப் படங்களுக்காக ராகிப்பே அவளுடன் வயல் வயலாக அலைந்தார். நல்ல செடியை எல்லாம் விட்டுவிட்டு ஓட்டை விழுந்த இலையாகத் தேடிப் பறிக்கும் அந்தக் கோட்டுப் போட்ட மனிதரைப் பார்த்து விவசாயிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் காலையில் பேராசிரியர்கள் முன்னால் நிரலை ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வருடம் போயிற்று. பூச்சி பிடிக்கிற நிரலைப் பூச்சி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போய்விட்டது தூங்காக் கண்.

"பாபா! காணோம் பாபா!" என்று நஜ்லா அலறியதில் ராகிப் கையில் இருந்த தேநீர் மடியில் சிந்தியது.

"பென் டிரைவ்ல ஒண்ணு வெச்சிருக்கேன்னு சொன்னியே?"

"அதையும்தான் சொருகினேன். சொருகின நிமிஷமே அதுல இருந்ததையும் முழுங்கிடுச்சு!"

இணையத்தில் ஏற்றி வைத்திருக்கலாம். ஆனால் மாதக் கடைசி. வீட்டு இணையத்துக்குக் கட்டிய பணம் வழக்கம்போல இருபதாம் தேதியோடு தீர்ந்துவிட்டது.

நிரல் செத்துவிடவில்லை என்பது மட்டும் ஆறுதல். 'சந்தேகத்துக்குரியது' என்று முத்திரை குத்தி, தனிச்சிறையில் போட்டு வைத்திருந்தது. விடுவிக்க பாஸ்வேர்டு வேண்டும். சனியனைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றால் அதற்கும் அதே பாஸ்வேர்டு வேண்டும். எறிந்தால் சிறையில் இருப்பவையும் சேர்ந்து அழிந்துபோகும் என்று மிரட்டல் வேறு. அந்த பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் கடைக்காரன் அன்றைக்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தான். அட்டை போன இடம் தெரியவில்லை. கடைக்காரன் குவைத்துக்குப் போய்விட்டான். அவன் கடையில் இப்போது கோழி வறுக்கிறார்கள்.

முலூகிய்யா கீரை நறுக்கிக்கொண்டிருந்த இன்சாஃப் கத்தியுடனே வந்து நின்றாள். "திருடனுக்கு பயந்து பூட்டு வாங்கினீங்க. இப்ப திருடன் வெளியில ஜாலியா இருக்கான், நாமதான் உள்ள மாட்டிக்கிட்டோம்."

"உம்மு நஜ்லா, நீ கொஞ்சம் சும்மா இரு. பெட்டியில ஃபோன் நம்பர் போட்டிருக்கான். பேசினா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுரும்." மனைவியை ராகிப் கூப்பிடுவதே அப்படித்தான், நஜ்லாவின் அம்மா என்று.

அந்த வீட்டில் மொபைலுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் பால்கனி. முதல் மாடி பால்கனி. அதற்கு நேர் கீழே காஃபிக் கடை. அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து சேர்ந்து, பகடைக்காய்கள் மரப்பலகையில் உருள ஆரம்பித்திருந்த நேரம். நடுமேசையில் முடிவெட்டும் ஸக்லூல் உட்கார்ந்திருந்தான். அவன் கத்தியைவிட நாக்கு கூர்மை என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

ராகிப் எண்ணை அழுத்தினார். அரபிக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்றது. ஒன்றை அழுத்தினார். புதிதாக வாங்க ஒன்று, இன்னும் உயர்ந்ததை வாங்க இரண்டு, நண்பருக்குப் பரிசளிக்க மூன்று என்று சொல்லிக்கொண்டே போனது. கஷ்டத்தைச் சொல்லி அழுவதற்கு எண்ணே கிடையாது. கடைசியில் எதையோ அழுத்த, பாட்டு போட்டது. பாட்டுக்கு நடுவில் ஒரு குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்' என்றது.

"முக்கியம்னா எடுத்துத் தொலையேன்டா!" என்று ராகிப் கத்தினார்.

கீழேயிருந்து ஸக்லூல் அண்ணாந்து பார்த்தான். "யாரு உஸ்தாத் லைன்ல? மாமியாரா?"

மேசைகள் சிரித்தன. ராகிப் காது கேட்காதவர் போல வானத்தைப் பார்த்தார். அந்தப் பாட்டு தலையில் ஏறி உட்கார்ந்து, நாளை முழுக்க இறங்காது என்று அவருக்குத் தெரிந்துபோனது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாட்டு முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடியும் முடிந்தபோது ஒரு பெண் வந்தாள்.

"மாலை வணக்கம் சார், நான் ஜெர்மீன் பேசறேன். உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

ராகிப் ஆதியோடந்தமாகச் சொன்னார். பருத்தி, புழு, பேராசிரியர்கள், கோழிக்கடை ஒன்றையும் விடவில்லை.

"புரியுது சார். லேப்டாப்ப அணைச்சுட்டு திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?"

"அணைச்சுப் போட்டா ஜெயில் கதவு திறந்துருமாம்மா?"

"இல்ல சார், கேக்கணும்னு விதி இருக்கு. நான் உங்களுக்கு ஒரு திறப்பு எண் சொல்றேன், அதைப் போட்டா வெளிய வந்துரும். ரெண்டே நிமிஷம். அதுக்கு முன்னால நீங்கதான் கணக்குக்கு சொந்தக்காரர்னு உறுதி பண்ணிக்கணும். நீங்க வெச்ச பாதுகாப்புக் கேள்வி: உங்க தாயார் பேர் என்ன?"

ராகிப் பால்கனிக் கம்பியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் கேட்கத் தன் தாயின் பெயரைச் சொல்வானா? வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கிற பெயர் அது. பள்ளிக்கூடத்தில் ஒருவனுடைய அம்மாவின் பெயர் எப்படியாவது கசிந்துவிட்டால் அவன் கதி அதோகதிதான். அவனுக்குச் சொந்தப் பெயரே இல்லாமல் போய்விடும். ஐந்தாம் வகுப்பில் அப்படி ஒருவனுக்கு நடந்தது. வருடம் முழுக்க வகுப்பே அவனை அவன் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அதில் உரத்த குரல் ராகிப்புடையது. அந்தப் பையன் வளர்ந்து, முடிவெட்டக் கற்றுக்கொண்டு, இப்போது கீழே நடுமேசையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தான்.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"என் பொண்ணு சொன்னா போதாதாம்மா?"

"இல்ல சார், கணக்கு உங்க பேர்ல இருக்கு. உங்க குரல்லதான் வேணும், பதிவாகுது. மூணு வாய்ப்பு உண்டு. மூணும் தப்பாயிட்டா நாளைக்கு ராத்திரி வரைக்கும் கணக்கு பூட்டிக்கும்."

ராகிப் சுவர்ப் பக்கம் திரும்பி, கையால் வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

இன்னும் கொஞ்சம் குரலை ஏற்றினார்.

"மன்னிக்கணும் சார், லைன் கரகரன்னு இருக்கு. கொஞ்சம் சத்தமா..."

உள்ளே நஜ்லா தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. ராகிப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடுகிற ரயிலில் கடைசிப் பெட்டி வரைக்கும் கேட்ட அந்தக் குரலை எடுத்தார்.

"தஃபீதா! தஃபீதா! போதுமா?"

கீழே பகடைகள் நின்றன. ஹூக்கா குடித்துக்கொண்டிருந்தவர்கள் குழாயை வாயிலிருந்து எடுத்தார்கள்.

"மன்னிக்கணும் சார்," என்றாள் ஜெர்மீன். "அது இல்ல."

"என்னது, இல்லையா? என்னைப் பெத்தவ பேரு எனக்குத் தெரியாதா? உங்க கம்ப்யூட்டரா என்னைப் பெத்துச்சு?"

"இங்க வேற பேர் இருக்கு சார். நான் சொல்லக் கூடாது. இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு."

ஸக்லூல் எழுந்து நின்று, நெஞ்சில் கைவைத்து, பால்கனியைப் பார்த்துத் தலை வணங்கினான். "தஃபீதா அம்மாவை அல்லாஹ் நல்லா வெச்சிருக்கட்டும்! யா ராகிப், அஞ்சாங் கிளாஸ்லேர்ந்து இதுக்காகத்தான் உயிரோட இருந்தேன். இனிமே செத்தாலும் பரவாயில்ல. ஏய், எல்லாருக்கும் என் கணக்குல ஒரு டீ!"

கடை முழுக்கக் கைதட்டல். ராகிப்புக்குக் காது மடல் எரிந்தது. பொத்திப் பொத்தி வைத்த பெயரைத் தெருவில் கொட்டியாகிவிட்டது, அதுவும் ஒரு பிரயோஜனமும் இல்லாமல். அவருக்கு அழவேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் அவருக்கு மென்பொருள் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர் கடை நினைவுக்கு வந்தது. கடைக்காரன் விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு, 'அம்மா பேர் என்ன உஸ்தாத்?' என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான். சுற்றிலும் கல்லூரிப் பையன்கள். அவர்களில் ஸக்லூலின் அக்காள் மகனும் இருந்தான். ராகிப் சமயோசிதமாக வேறு ஒரு பெயரைச் சொன்னார். தெருவில் உருண்டாலும் தனக்கு ஒன்றும் குறையாத ஒரு பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு, சாமர்த்தியமாகத் தப்பித்தோம் என்று வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வந்தது.

அது மாமியாரின் பெயர்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். பால்கனிக் கதவில் சாய்ந்துகொண்டு இன்சாஃப் நின்றிருந்தாள். கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"எங்க பெரியம்மா பேரா இருக்கும்," என்று, அவள் காதில் அந்தப் பெயர் விழாமல் தப்பிக்க ஒரு வாய்ப்பைப் பலி கொடுத்துப் போனில் சொன்னார். "ஹிக்மத்."

"அதுவும் இல்ல சார். கடைசி வாய்ப்பு."

"இது யாரு உஸ்தாத், ரெண்டாவது அம்மாவா?" என்றான் ஸக்லூல். "மொத்தம் எத்தனை பேர் சேந்து உன்னைப் பெத்தாங்க?"

நஜ்லா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "பாபா, விளையாடறீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க பாபா. இதுவும் போச்சுன்னா நான் அடுத்த வருஷம் முழுக்க இதே வகுப்புல உக்காரணும்!"

"யோசிக்க என்ன இருக்கு, எனக்குத் தெரியும்," என்றார் ராகிப்.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் இன்சாஃப்.

"உம்மு நஜ்லா, நீ கொஞ்சம் உள்ள போயி கீரையப் பாரு."

"கீரை எங்கயும் ஓடிப் போகாது. சொல்லுங்க."

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

ராகிப் கண்ணை மூடிக்கொண்டார். "ஸனிய்யா."

இன்சாஃப் அசையவில்லை. கத்தி மட்டும் மெதுவாகக் கீழே இறங்கியது.

"சரியான விடை சார்! ரொம்ப நன்றி. எண்ண எழுதிக்கோங்க," என்று ஜெர்மீன் எண்களை அடுக்கினாள். ராகிப் சொல்லச் சொல்ல நஜ்லா தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பால்கனியில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் நின்றார்கள்.

"எங்க அம்மா பேரு," என்றாள் இன்சாஃப்.

"அது வந்து, கடையில பசங்க எல்லாம் நின்னாங்க..."

"கல்யாணமான நாள்லேர்ந்து அவங்கள ஊர் பேர வெச்சு 'மஹல்லாக்காரி'ன்னு மட்டும்தான் சொல்லியிருக்கீங்க. ஒரு பெருநாளைக்குக்கூட அவங்க பேரு உங்க வாயில வந்ததில்ல. உங்க அம்மா பேருன்னா துணியில சுத்திப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டிக்குவீங்க. எங்க அம்மா பேரு கடைத்தெருவுல பசங்க கால்ல மிதிபடலாம், அப்படித்தானே?"

அப்படித்தான். ராகிப் அன்றைக்கு நினைத்தது சொல்லுக்குச் சொல் அதுதான்.

"சார்," என்றாள் ஜெர்மீன், "இன்னும் ஒரு சின்ன வேலை. ஃபோன்ல ஒரு தடவை சொல்லிட்ட விடைய நாங்க மாத்தியாகணும். புதுசா ஒரு கேள்வி தேர்ந்தெடுங்க. உங்க முதல் பள்ளிக்கூடம், பிடிச்ச ஃபுட்பால் அணி, பிறந்த ஊர்..."

"ஃபுட்பாலே போடும்மா," என்றார் ராகிப் அவசரமாக.

இன்சாஃப் கையை நீட்டி போனின் மேல் வைத்தாள். "பொண்டாட்டி பேரு என்னன்னு ஒரு கேள்வி இருக்கான்னு கேளுங்க."

"உம்மு நஜ்லா..."

"கேளுங்க."

கேட்டார். இருந்தது.

"சொல்லுங்க சார். மனைவி பேர்?"

வீட்டுக்குள் அவள் உம்மு நஜ்லா. நஜ்லா பிறக்கிறதற்கு முன்னால் 'இங்க பாரு'. காஃபிக் கடையில் பேச்சு வந்தால் 'வீட்டில்'. கடைசியாக அந்தப் பெயரை அவர் எப்போது சொன்னார்? கல்யாண ஒப்பந்தத்தின்போது மவுலவி சொல்லிக்கொடுக்கத் திருப்பிச் சொன்னதாக லேசாக ஞாபகம். கீழே எட்டிப் பார்த்தார். ஸக்லூல் காதுக்குப் பின்னால் கையை மடக்கி வைத்துக்கொண்டு அண்ணாந்து காத்திருந்தான்.

"இன்சாஃப்," என்று முணுமுணுத்தார்.

"கேக்கல சார்."

"எனக்கும்தான் கேக்கல," என்றாள் அவள். "எங்க அம்மா பேரு நல்லாத்தான் கேட்டுச்சு."

ராகிப் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"இன்சாஃப்!"

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இன்சாஃப் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். கீரையை நறுக்கும் சத்தம் தொடங்கியது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக.

"பதிவாயிடுச்சு சார். தூங்காக் கண்ணை நம்பினதுக்கு நன்றி. எங்க சேவைக்கு எத்தனை மதிப்பெண்..."

"பாபா!" உள்ளேயிருந்து நஜ்லா வீறிட்டாள். "வெளிய வந்துச்சு, ஓட்டினேன், மறுபடியும் பிடிச்சிருச்சு!"

ராகிப் போனைப் பல்லால் கடிக்காத குறை. "இந்தாம்மா ஜெர்மீன்! விட்ட கையோட திருப்பிப் பிடிச்சுட்டான் உங்க போலீஸ்காரன்!"

"ஓ, நம்பகமானதுன்னு குறிக்கலையா சார்? அத முதல்லயே செஞ்சிருக்கணும்."

"அத முதல்லயே சொல்லியிருக்கணும்!"

"ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், இன்னொரு எண் தர்றேன். அதுக்கு முன்னால நீங்கதான் கணக்குக்கு சொந்தக்காரர்னு உறுதி பண்ணிக்கணும். உங்க மனைவி பேர் என்ன?"

ராகிப் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை அப்படியே பார்த்தார். கோபத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டார். "மறுபடியும் பொண்டாட்டி பேரா?"

கீழே காஃபிக் கடை ஒரே குரலில் பதில் சொன்னது. பகடை ஆடுகிறவர்கள், ஹூக்காக்காரர்கள், தட்டில் டீ தூக்கி வந்தவர், எல்லாரையும் முந்திக்கொண்டு ஸக்லூல்: "இன்சாஃப்!"

"பின்னால கேக்குது சார்," என்றாள் ஜெர்மீன், "ஆனா உங்க குரல்லதான் வேணும்."

"இன்சாஃப்," என்றார் ராகிப். கத்தவும் இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. தெருவுக்கே தெரிந்த பெயரை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

எண் வந்தது. இந்த முறை நம்பகமானது என்ற கட்டத்தில் முதலில் குறி வைத்துவிட்டு, நஜ்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிரலை ஓட்டினாள். திரையில் ராகிப் பறித்த ஓட்டை இலை வந்தது. கீழே, இலைப்புழு என்று எழுத்து வந்தது. சிவப்புக் கட்டம் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூலையில் பச்சைக் கட்டம் ஒன்று மட்டும் எழும்பியது. 'வாழ்த்துகள், உங்கள் ரகசியங்கள் பத்திரமாக இருக்கின்றன' என்றது. நஜ்லா அதை மூடிவிட்டுத் தகப்பனைக் கட்டிக்கொண்டாள்.

ராகிப் தொப்பென்று நாற்காலியில் விழுந்தார். தொண்டை வறண்டிருந்தது. ஒரு டீ வேண்டும். அடுப்படிப் பக்கம் திரும்பி, வழக்கம்போல 'உம்மு நஜ்லா' என்று வாயெடுத்தவர், அந்தச் சொல்லை விழுங்கினார்.

"இன்சாஃப்."

கீரை நறுக்கும் சத்தம் நின்றது.

"போன்ல யாராவது கேக்கறாங்களா?" என்றாள்.

"இல்ல. போன வெச்சாச்சு. நான்தான் கூப்பிட்டேன்."